பரீட்சைக்கு வராத பாடம்

நகரத்து வீடுகளில் காற்றின் நச்சை உறிஞ்சும் நுண்துளைத் தூளை, வேதியியல் படிக்கும் நாங்கள்தான் ஆய்வகத்தில் செய்து தருகிறோம். "இந்தத் தூள் பிடிச்ச விஷத்தை விடவே விடாதும்மா" என்று சகாயமேரி மேடம் சொல்லிக்கொடுத்தார். நானும் கிளிப்பிள்ளையாக வீட்டில் ஒப்பித்தேன். அம்மாவுக்கு, நச்சு நிரம்பிய தூளைச் சூளையில் சுட்டு மறுபடி புதிதாக்கும் வேலை.

நேற்று அம்மா இருமியபோது இரத்தம் வந்தது. மேடத்திடம் போய் நின்றேன்.

"சுட்டா விஷம் வெளிய வந்துடுமா மேடம்?"

"பின்ன வராதா? அது அஞ்சாவது யூனிட். பரீட்சைக்கு வராதுன்னு விட்டுட்டேன். உனக்குத்தான் மார்க் வந்துடுச்சே!"

மருத்துவமனையில் அம்மாவிடம், "முகமூடி போட்டிருந்தியாம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்குடி? விஷம் வெளிய வராதுன்னு காலேஜு படிக்கிற எம் மகளே சொல்லிட்டான்னேன். சூளையில இருபது பேரும் கழட்டிப் போட்டுட்டாங்க."