இம்மி இடைவெளி

நான்கு குண்டு சுட்டுவிட்டார். தொலைநோக்கியை எடுக்கவில்லை. குறி அட்டையைப் பார்க்கப் பயமாக இருந்தது.

மணல் மூட்டை மேல் கிடந்தது ரைபிள். போன மாதம் ஊர்வலத்தில் ஒரு பெயிண்டரைக் கொன்ற ரைபிள். இருபத்திரண்டு வயசு அவனுக்கு.

சுட்டவன் கான்ஸ்டபிள் மணிமாறன். இவர் மனைவியின் தம்பி. முட்டிக்குக் கீழேதான் குறி வைத்தேன், துப்பாக்கிதான் குண்டை நெஞ்சுக்கு ஏற்றிவிட்டது என்று விசாரணையில் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

ஏற்றியதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் இவர். போலீஸ் ஆயுதப் பட்டறை எஸ்.ஐ. உறவு தெரிந்தேதான் இவரிடம் அனுப்பியிருக்கிறார்கள், பாவிகள்.

காலையில் வாசலில் வந்து நின்றான்.

"மாமா, துப்பாக்கியோட மரக்கட்டை ஆடுதுன்னு ஒரே ஒரு வரி எழுதிடுங்க. அக்காவுக்காக."

ஆடுகிறதாம். ஆடினால்தானே குண்டு குறி தப்பும்.

சித்திரையில் அந்தக் கட்டைக்குள் குழல் இரும்பை அமர்த்தியதே இவர்தான். குழியைச் சுரண்டி, பிசின் குழைத்து ஊற்றி, ஒட்டிக்கொள்ளாமலிருக்க இரும்புக்கு மெழுகு தடவி, பொருத்தி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைத்தார். நடுவே சிகரெட் தாள்கூட நுழையாது. அன்றைக்கு மணிமாறனிடம்தான் முதலில் பீற்றிக்கொண்டார். கண்ணை மூடிட்டுச் சுடுடா, சொன்ன இடத்துக்குப் போகும் என்று.

இப்போது ஒவ்வொரு குண்டுக்கும் வேண்டிக்கொண்டார். விலகிப் போ. கடவுளே, நாலு விரற்கடையாவது விலகிப் போகட்டும்.

தோளை ஒரு நூல் அசைத்தால் போதும். முப்பது வருஷப் பழக்கம். தோள் கேட்கவில்லை.

ஐந்தாவதையும் சுட்டார்.

நூறு மீட்டர். மெதுவாகத்தான் நடந்தார்.

அட்டையில் ஐந்துக்கும் ஒரே ஓட்டை. ஐந்து ரூபாய்க் காசு வைத்தால் மறைந்துவிடும்.

ச்சே, என்ன அருமையான வேலை! அழுகை வந்தது.

பட்டறையில் திருகுகளைக் கழற்றிப் பார்த்தார். பிசின் அப்படியே இருந்தது. இரும்பிலிருந்த எண்கூட அதில் தலைகீழாகப் பதிந்திருந்தது. கீறல் இல்லை.

மேசையில் அரம் கிடந்தது. இரண்டு இழுப்பு போதும், இடைவெளி வந்துவிடும்.

அரத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு இழுப்பறையில் போட்டு மூடினார்.

படிவத்தில் 'குறைபாடு' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அட்டையையும் சேர்த்துப் பின் குத்தினார்.

போன் அடித்தது. ரேவதி.

"என்னங்க, தம்பி இங்கதான் இருக்கான். கட்டை ஆடுச்சுங்களா?"

"இல்ல ரேவதி. நான் போட்டதாச்சே."

 அவள் போனை வைக்கவில்லை.

அவரும் வைக்கவில்லை.