தம்பியைத் தொடாத மருந்து

புற்றுநோயை ஊதிப் பெருக்கும் நொதிக்கு அந்த ஆய்வகத்தில் 'அண்ணன்' என்று பெயர். அதே சாயலில், உடம்புக்கு வேண்டிய இன்னொரு நொதி 'தம்பி'.

"பழைய மருந்து ரெண்டு பேரையும் சேத்து அடிச்சுது. நீ மாத்தினது தம்பி பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கல. சாதிச்சுட்டியேம்மா!" தலைவருக்கு வாயெல்லாம் பல்.

"மூலக்கூறோட வாலை நறுக்கினதும் வழிக்கு வந்துடுச்சு சார்," என்றாள் வேதியியல்காரி. "இனி பழசை மூட்டை கட்டிடலாம்."

கைபேசி அடித்தது. மருத்துவமனையிலிருந்து கணவன்.

"ஏய், என் கட்டியைச் சோதிச்ச ரிசல்ட் வந்துடுச்சு. அதை வளர்க்கிறது உங்க ஆளுதானாம்!"

"அண்ணனா?" அவள் குரல் துள்ளியது.

"இல்லடி, தம்பி. எனக்குள்ள அவன்தான் தறிகெட்டு ஆடுறானாம். அதனாலென்ன, உன் மருந்து ரெண்டு பேரையும் அடிக்கும்னு நீதானே சொன்னே?"