லொரீனின் ஏ.சி.

வெயில் நூறு டிகிரியைத் தாண்டிய மதியத்தில், ஆரின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மரத்தடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்னால், காரில் இழுத்துவந்த அவருடைய மடக்கு ட்ரெய்லர் வீட்டின் கூரையில் ஏ.சி. லாரி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே அவர் மனைவி லொரீன் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கிடந்தாள்.

பார்த்த வில்மாவுக்குப் பொறுக்கவில்லை. அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தின் அந்த ஏரிக்கரை விடுமுறை முகாமுக்கு அவள்தான் பொறுப்பாளர். சம்பளம் கிடையாது, கோடை முழுக்கத் தங்க இடம் மட்டும் இலவசம். அதனாலேயோ என்னவோ அதிகாரம் கொஞ்சம் தூக்கல்.

ஆரினின் நிலைமை முகாம் முழுக்கத் தெரியும். ஈரலில் புற்றுநோய். இனி மருந்து வேண்டாம், ஆசைப்பட்ட இடத்துக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அவர் ஆசைப்பட்டது இந்த ஏரிக்குத்தான். அடுத்த கோடை அவருக்குக் கிடையாது. உடம்பில் ரத்தமே இல்லாததால் இந்த அனலிலும் மனுஷனுக்குக் குளிர் நடுக்கியது.

அப்படிப்பட்டவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, பெண்டாட்டி ஏ.சி.யில் சுகம் காண்கிறாள் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். மத்தியானம் சாப்பாடு முடிந்து உள்ளே போனால் வெயில் தாழ்ந்துதான் வெளியே வருகிறாளாம். பக்கத்து ட்ரெய்லர்காரி, சாப்பாடு வைக்கும் கூலர் பெட்டிக்கு ஐஸ் வாங்கப் போகிற வழியெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு போனாள்.

மடக்கு ட்ரெய்லரில் எதையும் மறைக்க முடியாது. கூரையைத் தூக்கி, இரண்டு பக்கமும் கட்டிலை இழுத்துவிட்டால், சுற்றிலும் வெறும் கித்தான் துணிதான். ஒரு வண்டியில் தும்மினால் அடுத்த வண்டியிலிருந்து ஆசீர்வாதம் வரும்.

உள்ளே போய்ப் படுக்கக் கூடாதா என்று வில்மா ஆரினைக் கேட்டாள். இங்கேயே நன்றாகத்தான் இருக்கிறது என்றார் அவர். சொல்லும்போதே பல் கிட்டியது.

வில்மா போய்க் கதவைத் தட்டினாள். லொரீன் திறக்கக் கொஞ்ச நேரமானது. முகமெல்லாம் ஈரம். ஏ.சி.க்குள்ளே இருந்தும் முகம் கழுவுகிற அளவுக்கா இவளுக்குப் புழுங்குகிறது என்று வில்மாவுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

"இங்க பாரும்மா, ஏ.சி. இல்லாமலே உன் வண்டியைக் குளுமையாக்கிக் காட்டுறேன். உன் புருஷனும் உள்ள வந்து படுக்கலாம்ல?"

எதற்குச் சிரமம், வேண்டாம் என்று லொரீன் சொல்லிப் பார்த்தாள். வில்மாவாவது கேட்பதாவது! மடக்கு ட்ரெய்லரிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவள் அவள்.

கட்டில்களுக்கு மேலே கித்தான் கூரையில் வெள்ளியாய் மின்னும் விரிப்புகளைப் போட்டுக் கிளிப் மாட்டினாள். மேற்கு வெயில் விழாமல் நிழல் துணியைத் தாழ்த்திக் கட்டினாள். ஏரிப் பக்கத்து ஜன்னலில் ஈரத் துண்டைத் தொங்கவிட்டாள். எதிர் ஜன்னலில் சின்ன ஃபேனை வெளியே பார்க்க வைத்து, உள்ளிருந்த வெக்கையைத் துரத்தினாள். கடைசியாக, வெளியே வண்டிக்கு மின்சாரம் தரும் சிறு கம்பத்திலிருந்து ஏ.சி.யின் பிளக்கைப் பிடுங்கினாள்.

உறுமல் நின்றது. கரையில் தண்ணீர் அடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. பக்கத்து ட்ரெய்லர்காரி தன் வண்டிக்குள்ளிருந்தபடியே அப்பாடா என்று பெருமூச்சு விட்டது எல்லாருக்கும் கேட்டது.

வில்மா ஆரினைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கட்டிலில் படுக்க வைத்தாள். இதமான காற்று. மெத்தையின் கதகதப்பில் கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கி, அவரே கம்பளியைத் தள்ளிவிட்டார். வில்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

லொரீன் மட்டும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சிரித்தாள். மடித்து வைத்த துண்டை எடுத்து மறுபடியும் மடித்தாள். படியில் இறங்கினாள், ஏறினாள். ஏ.சி. போன வருத்தம் என்று வில்மா நினைத்துக்கொண்டாள். ஐஸ் வாங்கி வருகிறேன் என்று லொரீன் கடைப் பக்கம் நடந்தாள். கூலர் நிறைய ஐஸ் கிடந்ததை வில்மா பார்த்திருந்தாள்.

"இப்பவாவது நிம்மதியா படுங்க, ஆரின். இத்தனை நாளும் உங்களை வெளியில காய விட்டுட்டாளே."

ஆரின் மெல்ல எழுந்து உட்கார்ந்து கம்பளியைத் தேடி எடுத்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி ஒவ்வொரு அடியாக வைத்துக் கதவுவரை போனார். வில்மா ஓடிப்போய்த் தாங்கினாள்.

"கோவிச்சுக்காதீங்க வில்மா. அந்தப் பிளக்கை மறுபடி மாட்டிடுங்க."

"என்ன பேச்சு இது? உங்களுக்குக் குளிராதா?"

ஆரின் படியிறங்கி, பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். தூரத்தில் லொரீன் வெறுங்கையோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"அது ஓடினா எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுத்தான், அவ வாய்விட்டு அழுறா."