யாமிரா ஆற்றைக் கடக்கிறாளா?

பதிலடிகளை எல்லாம் வழியிலேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் பிரவுலியோ அழைப்பு மணியை அழுத்தினான்.

மொந்தெவிதேயோ நகரில் விமர்சகர் ஓர்டென்சியா ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதினால், திங்கட்கிழமை அதை எழுதியவன் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்பார்கள். போன ஞாயிறு பிரவுலியோவின் முறை.

அவன் எழுதியிருந்தது அரசர்களும் சூனியக்காரர்களும் நிறைந்த ஒரு ஃபேன்டஸி காவியத்தின் முதல் பாகம். தலையணை கனம்.

நிறைகளை அவர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். வரைபடம் அழகு. ஆற்றங்கரைச் சண்டையில் சேறு நம் காலிலும் ஒட்டுகிறது.

குறைகளுக்குத்தான் தாராளமாக இடம் கிடைத்தது. அரசர்களின் பெயர்கள் இருமல் மருந்துகளின் பெயர்கள் போலிருக்கின்றன. அந்த நாட்டில் வருங்காலம் சொல்லாத கிழவன் ஒருவன்கூட இல்லை. காதலைச் சொல்லும்போதும் கஞ்சி கேட்கும்போதும் எல்லாரும் சிலைக்கு உயிர் வந்ததுபோலவே பேசுகிறார்கள்.

கடைசி வரி இது: ‘அடுத்த பாகத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு எள்ளளவும் ஆவல் இல்லை.’

அன்றிலிருந்து பதிப்பாளர் அவன் போனை எடுப்பதில்லை.

இப்போது ஓர்டென்சியாவே கூப்பிட்டு, வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். மன்னிப்புக் கேட்கத்தான் என்று பிரவுலியோ முடிவு கட்டியிருந்தான். உடனே மன்னித்துவிடக் கூடாது என்றும்.

கதவைத் திறந்தது அவருடைய தங்கை எல்விரா. ஓர்டென்சியா ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். அந்தப் பக்கத்து ஜனவரிக் கோடை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க, அவர் முழங்கால் மேல் கம்பளி கிடந்தது. மடியில் அவன் புத்தகம், முதுகு மடங்கி, ஓரம் கசங்கி.

“உக்காருங்க தம்பி. ஒரே ஒரு கேள்விதான். அந்த ஒத்தக்கண்ணுப் பொண்ணு யாமிரா, ஆத்தைக் கடந்துடறாளா?”

முதல் பாகம் அங்கேதான் முடிகிறது. பின்னால் எதிரிப் படை, முன்னால் வெள்ளம், கையில் ஓட்டைப் படகு. யாமிரா அதில் ஒரு காலை வைக்கிறாள்.

பிரவுலியோவால் தன் காதை நம்ப முடியவில்லை.

“தெரிஞ்சுக்க எள்ளளவும் ஆவல் இல்லைன்னு எழுதியிருந்தீங்களே மேடம்?”

“அது பேப்பருக்கு எழுதினது. பேப்பர்ல வர்றதையெல்லாம் நம்பறீங்களா, இந்த வயசுல?”

கேட்காமலே கையில் ஆயுதம் கிடைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? எல்விரா நீட்டிய மாத்தே இலைத் தேநீரை வாங்கி, அவசரமே இல்லாமல் உறிஞ்சினான். வாய் சுட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

“ரெண்டாம் பாகத்துல வரும் மேடம். எல்லாம் திட்டம் போட்டு வச்சிருக்கேன். ஒரு ரெண்டு வருஷம் பொறுத்தீங்கன்னா படிச்சுடலாம்.”

ஓர்டென்சியா கெஞ்சவில்லை. “ரெண்டு வருஷமா,” என்றார், விலையைக் கேட்டுவிட்டுத் துணியைத் திரும்ப மடித்து வைப்பவர் போல. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வென்றுவிட்டதாகவே நினைத்துக்கொண்டு எழுந்தான்.

தெருக்கதவைத் திறந்துவிட எல்விரா சாவியோடு கீழே வந்தாள். வெளியே எங்கோ, சில வாரங்களில் வரவிருந்த திருவிழாவுக்கு முரசு பழகிக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா கேட்டதைச் சொல்லிட்டீங்களா தம்பி?”

“புத்தகம் வரட்டுமே. காசு குடுத்து வாங்கிப் படிக்கட்டும்,” என்று சிரித்தான்.

எல்விராவின் கை பூட்டிலேயே நின்றது.

“இந்தத் திருவிழா வரைக்குமே தாங்காதுன்னுட்டார் டாக்டர். அவளுக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப மாத்துத்துணி எடுத்துக்கல, உங்க புத்தகத்தைத்தான் எடுத்துக்கிட்டா. யார்கிட்டயும் எதையும் வாய்விட்டுக் கேக்கறவ இல்ல தம்பி அவ.”

பிரவுலியோ அவள் முகத்தைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். பிறகு திரும்பிப் படியேறினான்.

“எதை விட்டுட்டுப் போனீங்க?” என்றார் ஓர்டென்சியா, திரும்பாமலே.

“கடந்துடறா மேடம்,” என்றான் மூச்சிரைக்க.

“எப்படி? படகு ஓட்டை. நீச்சலும் தெரியாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.”

முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தான். “திடீர்னு காத்து திசை மாறுது...”

“காத்தா? மாட்டிக்கிட்டப்பல்லாம் காத்தைக் கூப்பிடக் கூடாது தம்பி. வேற சொல்லுங்க.”

நெற்றி வியர்வையை வழித்து உதறினான்.

“சரி. காத்து இல்ல. நாணல் நடுவுல ஒரு எருது நிக்குது. வயசான எருது. படைக்காரங்க ஒண்ணுக்கும் ஆகாதுன்னு விட்டுட்டுப் போனது. அதுக்கு அந்த ஆறு பழக்கம்.”

ஓர்டென்சியா நாற்காலியில் நிமிர்ந்தார். கம்பளி நழுவித் தரையில் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

“எருது,” என்றார். “ம். பரவாயில்ல. மேல சொல்லுங்க.”

சொன்னான். எருதின் வாலை யாமிரா எட்டிப் பிடிப்பதை, நடு ஆற்றில் அது ஒருமுறை முங்குவதை, அக்கரையில் யாரோ தீ மூட்டிக் காத்திருப்பதை. யார் அது என்று அவர் கேட்டார். அதையும் சொன்னான்.

அந்த எருதை அவனும் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தான். யாமிரா படகில் கால் வைத்ததற்குப் பிறகு என்ன ஆகும் என்று அதுவரை அவனுக்கும் தெரியாது.