பதினேழாம் நாள் கஞ்சி

காலையில் அவள் எழுதிக் கொடுத்த வரி, பதினொரு மணிக்கு மைக்கில் ஆண்டவருடைய வார்த்தையாக வந்துகொண்டிருந்தது.

"இங்கே ஒரு தாய் இருக்கிறாள். பெற்ற மகனை, எங்கேயாவது போய்ச் சாவு என்று சபித்தவள். ஆண்டவர் எனக்குக் காட்டுகிறார்."

ஆண்டவர் காட்டவில்லை. பைபிளுக்குள் இருந்த துண்டுச்சீட்டு காட்டியது.

தகரக் கூரையின் கீழ் எண்ணூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் கண்ணை மூடி நின்றவர் அவள் கணவர். ஊருக்குத் தீர்க்கதரிசி. இடது கண்ணை நூலளவு திறந்து அவர் சீட்டின் அடுத்த வரியைப் பார்ப்பது, முதல் வரிசையில் இருந்த அவளுக்கு மட்டும் தெரியும்.

பதினெட்டு வருடமாக எழுதித் தருகிறாள்.

கூட்டத்துக்கு முன்னால், பக்கத்து அறையில் பெண்கள் அவளிடம் தங்கள் பாரத்தைச் சொல்லி அழுவார்கள். அதை அவர் எழுதி வாங்குவது ஜெபிப்பதற்குத்தான் என்று முதலில் நம்பினாள். பிறகு, நம்புவதாக வைத்துக்கொண்டாள்.

அன்று காலை தங்கபுஷ்பம் மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள். "இது மட்டும் வெளிய தெரிய வேண்டாம் பாஸ்டரம்மா."

இப்போது தங்கபுஷ்பம் தூணடியில் சிமெண்ட் தரையில் விழுந்து கிடந்தாள்.

சுற்றிலும் அல்லேலூயா.

"நாற்பது நாள் உபவாசம் இரு மகளே! அதுவரை உன் மகன் வரும் வழியை ஆண்டவர் அடைத்து வைத்திருக்கிறார்."

இது சீட்டில் இல்லை. அவராகப் போட்டுக்கொண்டது.

அவள் எழுந்தாள். கூட்டத்தின் நடுவாகவே நடந்தாள். அவள்மேல் அபிஷேகம் இறங்கிவிட்டது என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள்.

வாசலில் செருப்புக் குவியலைக் கிளறித் தன்னுடையதைக் கண்டுபிடித்தாள். பஸ் ஏறினாள்.

கோவில்பட்டியில் ஒற்றை அறை கிடைத்தது. தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டும் வேலையும்.

ஜெபிக்க உட்கார்ந்தால் வாயில் வந்ததெல்லாம் அவருடைய வாக்கியங்கள். அதே ஏற்றம், அதே இறக்கம், அழுகை வராத இடத்தில் வரவழைக்கும் அதே நடுக்கம். நாலாம் நாள் அருவருப்பாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

விடிவதற்குள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். எதையும் கேட்பதில்லை. யாருக்கும் எதையும் சொல்வதில்லை.

யாரோ பக்கத்தில் இருப்பது போல இருந்தது.

அதற்கு மைக் தேவைப்படவில்லை.

பத்தாம் நாள் அவர் காரில் வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. செண்ட் வாசம் அவருக்கு முன்னால் அறைக்குள் நுழைந்தது.

"ஆண்டவரையே விட்டுட்டு வந்துட்டியே," என்றார். குரலில் மேடை இருந்தது.

அவள் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"உங்ககூட வந்திருக்காரோன்னு பாத்தேன். டிரைவர் மட்டும்தான் இருக்காரு."

"சபிக்கப்பட்டுப் போவே."

"போறேன். இப்ப சீட்டு யாரு எழுதித் தாரா?"

அவர் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். கார் திரும்ப இடமில்லாமல் தெருமுனை வரை பின்னோக்கியே போயிற்று.

அவள் சிரித்தாள். வெகு நாள் கழித்து, வயிறு குலுங்க.

பிறகு சிரிப்பு நின்றது. அவரைக் காறித் துப்புவது சுலபம். எழுதிய கை அவருடையதா?

அடுத்த செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு சொன்னாள்.

அவள் போனபோது தங்கபுஷ்பம் வீட்டில் பாயில் கிடந்தாள். கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கண்ணில் மட்டும் ஒரு வெளிச்சம்.

"வாங்க பாஸ்டரம்மா. இன்னைக்குப் பதினேழாவது நாளு. காலையில ஒரு வாய் கருப்பட்டிக் காப்பி, அவ்வளவுதான். முழுசா முடிச்சிட்டா அவன் வந்துருவான்."

"அக்கா..."

"எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிஞ்சத ஐயா அப்படியே சொன்னாங்களே. உடம்பே சிலிர்த்துப்போச்சு."

"எனக்கும் தெரியுமேக்கா. எங்கிட்டதான சொன்னீங்க."

தங்கபுஷ்பத்துக்குப் புரியவில்லை. அவள் புரியும்படி சொன்னாள். பக்கத்து அறையை, துண்டுச்சீட்டை, பைபிளை, திறந்த இடது கண்ணை. தன் கையெழுத்தை. பதினெட்டு வருடத்தையும் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவ்வளவு சின்ன வித்தை.

அடி விழும் என்று காத்திருந்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தங்கபுஷ்பம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, வழிய அடைச்சிருக்காருன்னு சொன்னது?"

"அது அந்த ஆளு தானாச் சொன்னது, அக்கா."

"ஆண்டவரு சொல்லலியா?"

"இல்ல."

வெளியே யாரோ சைக்கிளை நிறுத்திவிட்டுப் போனார்கள். தங்கபுஷ்பம் மெதுவாக எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"அப்ப நான் சாப்பிடலாமா?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அடுப்பைப் பற்றவைத்தாள். டப்பாவைத் தேடி நொய்யரிசி எடுத்தாள். கஞ்சி கொதிக்கும் வரை நின்று கிளறினாள்.

கிண்ணத்தில் ஊற்றி எதிரே வைத்தாள்.

தங்கபுஷ்பம் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். பாஸ்டரம்மா ஜெபம் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

ஆவி எழுந்துகொண்டிருந்தது.

அவளுக்கு ஒரு வாக்கியமும் வரவில்லை. தேடவும் இல்லை.

"சூடா இருக்கு. ஊதிக் குடிங்கக்கா," என்றாள்.

"ஆமென்," என்று சொல்லிவிட்டு, தங்கபுஷ்பம் கிண்ணத்தை எடுத்தாள்.