குஞ்சுகளுக்குக் குளிர்

வானொலியில் கால்நடை டாக்டர் நேயர்களின் சந்தேகங்களுக்கு நேரலையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பெண் அழைத்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"டாக்டர், கொல்லையில கோழிக்குஞ்சு வளர்க்கிறேன். தினமும் காலையில ஒண்ணு ரெண்டு செத்துக் கிடக்கு. நோய் மாதிரியும் தெரியல."

"ராத்திரியில குஞ்சுங்க எப்படிம்மா இருக்கு?"

"ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கிட்டு, கீச்சு கீச்சுனு ஒரே கத்தல்."

"குளிரும்மா! கதகதப்புக்காக மூலையில முண்டியடிக்கும். அடியில மாட்டினது மூச்சு முட்டிச் செத்துடும். கூண்டுல குண்டு பல்பு போடலையா?"

"போட்டுட்டுத்தான் படுக்கிறேன். கரண்ட் வீணாகுதுன்னு வீட்டுக்காரர் எழுந்துபோய் அணைச்சிடறார்."

டாக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவரெல்லாம் மனுஷனா? நீங்க எடுத்துச் சொல்லலையா?"

அந்தப் பெண் போனைச் சுற்றியிருந்த துணியை எடுத்தாள். குரல் பளிச்சென்று கேட்டது.

"சொன்னேங்க. 'டாக்டர் நீயா, நானா'ன்னு கேட்டு என் வாயை அடைச்சிட்டீங்களே!"

டாக்டர், பாட்டைப் போடச் சொல்லி அவசரமாகச் சைகை காட்டினார்.

அன்று ராத்திரி குஞ்சுகள் பல்பு வெளிச்சத்தில் ஆளுக்கொரு பக்கம் காலை நீட்டிப் படுத்து நிம்மதியாகத் தூங்கின. டாக்டருக்குத்தான் பொட்டுத் தூக்கமில்லை.