எழுதி வாங்கிய காகிதம்

"போன வருஷம் நம்மகிட்ட குட்டி வாங்கின தபால்காரர், நாளைக்கு நாயோட வர்றாராம். நீ கையெழுத்து வாங்கின காகிதத்துல இருக்கிறபடிதான் வர்றேன்னு சொல்றார்" என்றார் கணவர்.

நாய்க்குட்டி வளர்த்து விற்கும் அவளுக்கு மனசு கனத்தது. வளர்க்க முடியாவிட்டால் வேறு யாருக்கும் தராமல் தன்னிடமே திருப்பித் தர வேண்டும் என்பதுதான் அந்தக் காகிதத்தின் முதல் வரி.

"தடுப்பூசி எல்லாம் போட்டு, வீட்டுல ஆள் இருக்குமான்னு ஆயிரம் கேள்வி கேட்டுத்தானே குடுத்தேன்."

"இப்பப் புலம்பி என்ன ஆகப்போகுது?"

பழைய கூண்டைக் கழுவி விரிப்புப் போட்டு வைத்தாள்.

மறுநாள் தபால்காரர் வந்தார். நாய் பளபளவென்று இருந்தது. அவர் முகத்தைப் பார்க்காமலே வாரை வாங்கக் கையை நீட்டினாள்.

"அவன்கிட்ட என்ன குறை கண்டீங்க?"

தபால்காரர் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "குறையா? கடைசி வரியைப் படிங்கம்மா. ஒரு வயசானதும் கூட்டிட்டு வந்து தாய்கிட்ட காட்டணும்னு போட்டிருக்கே."

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளே எழுதி அச்சடித்த வரி. இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை, அவளுக்கே மறந்துபோயிருந்தது.

"ஏங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "தாயை அவிழ்த்து விடுங்க. பிள்ளை வந்திருக்கான்."